முழங்கால் போனவன் வேண்டாம்

மாலை நான்கு இருபதுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஓட்டப் பயிற்சியில் என் மகன் விழுந்துவிட்டான், முழங்கால் வீங்கியிருக்கிறது என்றார்கள். எங்கள் ஊர் ரிச்சர்ட்சனில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்ததும் அவனை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

எதிரே இரண்டு தமிழ் இளைஞர்கள். ஒருவன் வெட்டுப்பட்ட கட்டைவிரலைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தான். கையால் பந்தைப் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் பொறுக்கி எடுக்கும் டிராஃப்ட் மறுநாள். தாங்கள் ரசிக்கும் அணி யாரை எடுத்துத் தொலைக்கக்கூடாது என்பதுதான் பேச்சு.

“அந்த ஓஹையோ பையன் மட்டும் வேண்டாம்டா. அவன் கைல பால் நிக்காது.”

“உன் கைல கத்தி நின்னுதா? வெங்காயம் நறுக்கத் தெரியல, டிராஃப்ட் பண்ண வந்துட்டான்.”

“சரி, நீ யார வேண்டாங்கற?”

“அந்த நெட்டையன். ஓசில குடுத்தாலும் வேண்டாம்.”

“ஏன்டா? குதிரை மாதிரி ஓடறான்!”

“முழங்கால்ல ஆபரேஷன் ஆயிருக்கு மச்சான். முழங்கால் ஒரு தடவ போனா போனதுதான்.”

“சின்ன வயசுடா, சரியாயிடும்.”

“நடக்கறதுக்கு சரியாகும். ஓடறதுக்கு?”

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள்.

கடைசியில் டாக்டரம்மா வந்தார்.

“எலும்பு முறியவில்லை, தசைநாரும் கிழியவில்லை. வெறும் சுளுக்குதான். சனிக்கிழமை பந்தயத்தில் ஓடலாமா என்று மூன்று முறை கேட்டுவிட்டான். கூடாது என்று நான் சொல்லியாயிற்று. நீங்களும் உள்ளே வந்து சொல்லுங்கள்.”