ஆளேறாமல் தாழ்ந்த கார்

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு மெக்கானிக்குகள் இருந்தார்கள். இளையவர் பேசத் தொடங்கியதும் நான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டேன்.

“பழைய பாகங்களை வச்சு நாம கோத்துக் கட்டுன காரு, ஆளேறாமலே பின்னால இடப்பக்கம் தாழுது அண்ணாச்சி. நாளைக்கு என் வீட்டுக்காரியப் பேறுகாலத்துக்கு அதுலதான் கூட்டிட்டுப் போணும்.”

“ஸ்பிரிங்கைச் சரிபண்ணினியால?”

“ரெண்டு தரம் பண்ணிட்டேன். மட்டம் பாக்கப் பின்சீட்டுல ஒரு கல்லைப் பாரமா வச்சேன். சங்கு குளிக்கவன் கயித்துல கட்டிக் கடலுக்குள்ள இறங்குத கல்லு. கரையில கெடந்துச்சு. அதுக்கப்புறந்தான் தாழவே தொடங்குச்சு.”

“யாரு கல்லுல அது?”

“போன மாசம் மேல வராமப் போனவனோடது. தெரிஞ்சதும் கடல்லயே போட்டுட்டேன். தாழ்வு போகல.”

பெரியவர் இளையவர் பக்கம் திரும்பினார்.

“கல்லுல கட்டியிருந்த கயிறு?”

“சீட்டுக்கடியில கெடக்கு.”

“தூக்கிவிட ஆளில்லாமக் காத்துக் கெடக்கான். கயித்தை இழுத்து விடுல.”

“இழுத்தேன் அண்ணாச்சி. அந்தப் பக்கமும் இழுத்துச்சு.”