பால் பத்தவில்லை என்று சொன்னவள் நான்

மணி ஐந்து நாற்பது. ஆரம்பித்துவிட்டது.

முதலில் ஒரு இருமல். பிறகு ஒரு மூச்சு உள்ளே போகிறது. போன மூச்சு அங்கேயே நிற்கிறது. வீடே அதோடு நிற்கிறது. பிறகு அலறல். மாடிப்படி ஏறுகிறேன். பதினெட்டுப் படி. எழுபது வயதுக் கால். கையில் பூண்டு வேகவைத்த பால். பாதிப் படியிலேயே கொஞ்சம் சிந்திவிட்டது.

தெருவில் ஜீப்பு. ஒலிபெருக்கி.

"உள்ள போங்க! யாரும் வெளிய நிக்காதீங்க!"

நாங்கள் எங்கே வெளியே நிற்கிறோம். உள்ளேதான் இருக்கிறோம். உள்ளேதான் அலறல் குண்டாக விழுகிறது.

மாடியில் நித்யா கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். என் வீட்டில் குடியிருக்கிற பெண். இருபத்துநாலு வயது. மடியில் குழந்தை. பிறந்து முப்பத்தைந்து நாள். பெண். மார்பில் வாய் வைக்கிறது. களக். களக். களக். களக். நாலு மடக்கு. எண்ணினேன். ஐந்தாவது மடக்கில் இருமுகிறது. முதுகை வில்லாக வளைக்கிறது. காலால் தாயை உதைத்துத் தள்ளுகிறது. முகம் செங்கல் நிறம். பசி இருக்கிறது. வாய் தேடுகிறது. வைத்தால் மறுபடியும் நாலு மடக்கு. மறுபடியும் அலறல்.

"குடிக்க மாட்டேங்குதுங் பெரியம்மா! என்னைக் கண்டாலே புடிக்கலைங்!"

"இதைக் குடி அம்மணி. பூண்டு. பால் ஊறும்."

குடித்தாள். அழுதுகொண்டே குடித்தாள். அது தெருவை அடைத்த ஒன்பதாம் நாள்.

நான் மூன்றாம் வகுப்பு வரை. எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் மில்லில் முப்பத்தொரு வருஷம் சங்குச் சத்தத்துக்கு எழுந்தவள். மணி பார்க்காமல் எதுவும் செய்ய வராது. அந்த நாட்களில் குழந்தை அழுத நேரத்தையெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன். தாள்கள் இன்னும் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள். ஊரடங்கு வந்த வருஷம். சித்திரை. துடியலூரில் எங்கள் தெரு. பக்கத்து வீட்டுச் சின்னச்சாமி அண்ணனுக்குக் காய்ச்சல். காலை பத்தே காலுக்கு ஆம்புலன்ஸ். அவரே நடந்து போய் ஏறினார். மதியம் இரண்டு மணிக்குத் தகரம் வந்தது. தெருவின் இரண்டு முனையிலும் அடித்தார்கள். கம்பத்தில் ஆணி இறங்குகிற சத்தம். ஒரு பக்கம் பதினாறு அடி. மறு பக்கம் எண்ண முடியவில்லை. அதற்குள் மேலே குழந்தை ஆரம்பித்துவிட்டது.

நித்யாவுக்குக் கொடுமுடி பக்கம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். நாளுக்கு முன்பே வலி வந்து இங்கேயே பெற்றாள். வீடு வந்து சேர்ந்ததும் ஊர் அடைத்துவிட்டது. அவள் அம்மாவுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. புருஷன் லாரி ஓட்டுகிறவன். குஜராத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் லாரியோடு நிற்கிறான். மேலே அவளும் குழந்தையும். கீழே நான். என் பிள்ளைகள் நாலு பேரும் நாலு ஊரில்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஏறிப்போனேன். நாலு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள். எனக்குத் தெரியாதா. ஒரு நிமிஷம் பார்த்தேன். சொன்னேன்.

"பால் பத்தலை கண்ணு."

போனில் கொடுமுடி அம்மாவும் அதையே சொன்னார். இரண்டு தளபதிகள். ஒரே தீர்மானம். ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த பூண்டு இரண்டு கிலோ இருந்தது. காலையில் பூண்டுப் பால். மதியம் பூண்டுக் குழம்பு. ராத்திரி முருங்கைக்கீரை. இடையில் வெந்தயக் களி. தண்ணீர் மட்டும் அளந்து கொடுத்தேன். தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று எனக்குச் சொன்னார்கள். நான் அவளுக்குச் சொன்னேன். கோடை. உதடு வெடித்திருந்தது அந்தப் பெண்ணுக்கு.

சின்னச்சாமி அண்ணன் சம்சாரம் பாப்பாத்தி. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக அடைபட்டிருக்கிறாள். புருஷன் ஆஸ்பத்திரியில். அப்போதும் அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏனுங் சவரியக்கா! உங்க பூண்டு வாசம் தகரத்தைத் தாண்டுதுங்! போலீஸ்காரரு நோய்க்கு மாஸ்க் போடலை. உங்களுக்குத்தான் போட்டிருக்காரு!"

சிரித்தோம். மூன்று வீட்டுக்குக் கேட்கச் சிரித்தோம். அதுதான் நாலாம் நாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள். அலறல் பதினோரு தடவை. ஏழாம் நாள். பதினான்கு. சாயங்காலம்தான் மோசம். ஐந்து நாற்பதுக்குத் தொடங்கினால் எட்டு மணி. வயிறு கல்லாக இருந்தது. வெளிக்குப் பச்சையாக, நுரையாகப் போனது. கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். ஜெபமும் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. பூண்டைக் கூட்டினேன்.

எட்டாம் நாள் நித்யா கதவைப் பூட்டிக்கொண்டாள். உள்ளே இரண்டு அழுகை. சின்னது ஒன்று. பெரியது ஒன்று. தட்டினேன். திறக்கவில்லை. இருபது நிமிஷம். படியில் உட்கார்ந்திருந்தேன். எங்கே ஓடுவது. மேலே போனால் மொட்டைமாடி. கீழே போனால் தகரம்.

பத்தாம் நாள். காலை எட்டரை. நித்யா கீழே இறங்கி வந்தாள். குழந்தை தோளில் தூங்குகிறது. இவள் கண்ணில் தண்ணீரே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

"பெரியம்மா. உங்க செடியில மல்லிப்பூ இருக்குதுங்ளா?"

"எதுக்கு அம்மணி?"

"வெச்சுக் கட்டிக்கறனுங். பால் வத்தட்டும். எம் பாலு புள்ளைக்கு ஆகலைங். தகரம் எடுத்ததும் பவுடர் டப்பா வாங்கிக்கறேன். அதுவரைக்கும் பசும்பாலைத் தண்ணி கலந்து ஊத்தறேன்."

மல்லிப்பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினால் பால் வற்றும். எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும். என் மூன்றாவது பையன் கைக்குழந்தையாக இருந்தபோது என் மாமியார் எனக்குக் கட்டிவிட்டார். அவனும் இப்படித்தான் இருமி இருமி அலறினான். பால் பத்தவில்லை என்றார். கட்டினார். மில்லுக்குப் போனேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனேன். செடி அங்கேதான். சித்திரைப் பூ. கொத்துக் கொத்தாக. பறிக்கிறேன். அரைக் கூடை ஆகிவிட்டது.

மணி ஒன்பதே கால். காய்ச்சல் பார்க்கிற நர்ஸ் வந்தாள். வீட்டுக்குள் வரக்கூடாது அவளுக்கு. நடுத்தெருவில் நின்றுதான் பேசுவாள். முகமூடிக்குள்ளிருந்து கத்தினால்தான் கேட்கும்.

"என்னுங்கம்மா, எந்த மாதாவுக்கு இத்தனை பூ?"

"மாதாவுக்கு இல்லை. மேல இருக்கற புள்ளைக்கு. பால் வத்தக் கட்டறதுக்கு."

நர்ஸ் நின்றுவிட்டாள்.

"அந்தம்மாவை வெளிய வரச் சொல்லுங்க! புள்ளையோட!"

நித்யா மாடிக் கைப்பிடிச் சுவர் அருகே வந்து நின்றாள். கேள்வியெல்லாம் தெருவிலிருந்து மேலே போனது. பதிலெல்லாம் மேலேயிருந்து தெருவில் விழுந்தது. எல்லா ஜன்னலும் திறந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்குது?"

"பத்து, பன்னெண்டுங்!"

"வெளிக்குப் பச்சையா நுரையாட்டம் போகுதா?"

"ஆமாங்!"

"குடிக்கறப்ப புரையேறுதா?"

"ஏறுதுங்! இருமிப்போட்டு அழுவுதுங்!"

"வாய எடுத்தா பால் நிக்குதா, பீச்சுதா?"

நித்யா கீழே பார்த்தாள். ஜன்னல் முழுக்கத் தலைகள். தலையைக் குனிந்தாள். பிறகு ஒரே கத்து.

"சுவத்துல அடிக்குதுங்!"

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள்.

"பன்னெண்டு துணி நனைக்கற புள்ளைக்குப் பால் பத்தலைன்னு எவ சொன்னா?"

 நித்யா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் மேலே நிற்கிறாள். நான் கேட்டில் நிற்கிறேன். கையில் கூடை. இந்தத் தெருவில் நாற்பது வருஷம். ஒரு வார்த்தை யாரும் என்னைச் சொன்னதில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன். மெல்லமாகத்தான் வந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். கத்திச் சொன்னேன். தெருவுக்கே கேட்டது.

"பூண்டை நிறுத்துங்க! களியை நிறுத்துங்க!" நர்ஸ் மேலே பார்த்துக் கத்தினாள். "பால் வெள்ளமா வருது. புள்ள முழுங்க முடியாமத் தவிக்குது. குனிஞ்சு குடுக்காதீங்க. நல்லாப் பின்னால சாஞ்சுக்கங்க. புள்ளையை நெஞ்சு மேல போட்டு, கீழருந்து மேல குடிக்கட்டும். மொதல்ல பீச்சறதைத் துணியில விட்டுருங்க. ஒரு தடவைக்கு ஒரு பக்கம் போதும். ஏப்பம் வர வெச்சுப்போட்டுக் குடுங்க. நீங்க தண்ணி குடிங்க, தாகத்துக்கு!"

"சாயறதுக்கு எங்கிட்ட கட்டில்தானுங்! தலைகாணி ஒண்ணுதான் இருக்குதுங்!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாப்பாத்தி.

"எங்கூட்ல சாய்வு நாற்காலி இருக்குதுங்! அவருதுங்!"

 அவர் உட்கார்ந்த நாற்காலி. காய்ச்சல் வரும் வரைக்கும் அதில்தான் கிடந்தார். ஜன்னல் ஒவ்வொன்றாக மூடியது. எனக்குக் கேட்டது.

நான் நர்ஸைப் பார்த்தேன். "பத்து நாள் ஆச்சு. சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல வெச்சா ஒண்ணுமில்லீங்கம்மா" என்றாள்.

பாப்பாத்தி துணியைக் கழற்றிச் சோப்பில் ஊறவைத்தாள். கட்டையைக் கழுவினாள். சுவர் மேலே ஏற்றிவிட்டாள். இந்தப் பக்கம் நான் இறக்கினேன். நானும் ஒரு தடவை கழுவினேன். பகல் முழுக்கச் சித்திரை வெயிலில் கிடந்தது. நாலு மணிக்கு மேலே ஏற்றினோம். நான் முன்னால். நித்யா பின்னால்.

ஐந்து நாற்பது. இருமல் வருமென்று காத்திருக்கிறோம். நித்யா சாய்கிறாள். நாற்காலி கிரீச்சென்றது. முதல் பாலைத் துணியில் விட்டாள். துணி சொட்டச் சொட்ட நனைந்தது. அவ்வளவையும் அந்த வாய் தாங்கியிருக்கிறது. நான் அதற்கு மேலும் ஊற்றியிருக்கிறேன்.

குழந்தை நெஞ்சு மேலே குப்புறக் கிடக்கிறது. தலையை ஆட்டித் தேடுகிறது. வைத்தது. களக். களக். களக். களக். ஐந்து. ஆறு. ஒரு இருமல். நித்யா கண்ணை மூடிக்கொண்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பால் கன்னத்தில் வழிந்தது. குழந்தை தானாகவே மறுபடியும் பிடித்தது. ஏழு. எட்டு. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆறு மணி ஐந்து நிமிஷம். ஜீப்பு போனது. ஒலிபெருக்கி கத்தியது. குழந்தை எழவில்லை. வாயைத் திறந்தபடி தூங்குகிறது.

பதினோராம் நாள் அலறல் ஆறு. பன்னிரண்டாம் நாள் மூன்று. ஒரேயடியாக நிற்கவில்லை. அப்படிச் சொன்னால் பொய்.

பதின்மூன்றாம் நாள். காலை ஏழு பத்து. பக்கத்து வீட்டில் போன் அடித்தது. நாலாவது தடவை அடிப்பதற்குள் எடுத்தாள் பாப்பாத்தி. பிறகு சத்தமே இல்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை. சுவர் வரை போனேன். சுவரைத் தாண்ட முடியவில்லை. அண்ணன் உடம்பு வீட்டுக்கு வரவில்லை. நாங்களும் போகவில்லை. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

நாற்காலியை இறக்கிச் சுவர் அருகே கொண்டு வந்தேன். பாப்பாத்தி பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. புள்ள குடிக்கட்டும்."

பத்தாம் நாள் பறித்த பூ கூடையிலேயே வாடியிருந்தது. கொட்டினேன். புதிதாகப் பறித்தேன். சுவர் மேல் வைத்தேன். அவர் படத்துக்கு.

இருபத்தெட்டாம் நாள் தகரம் எடுத்தார்கள். கம்பத்தில் ஆணி ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. நர்ஸ் உள்ளே வந்து குழந்தையை எடை போட்டாள். நாலு கிலோ நூறு. கொடுமுடிக்குப் போகும்போது நித்யா அந்த நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

இனி கணக்கு. தாள்களைக் கூட்டிப் பார்த்தேன்.

பூண்டு, இரண்டு கிலோவில் கால் கிலோ மிச்சம்.

ஒரு பெண் தன் பால் ஆகாதென்று நம்பிய நாட்கள், பத்து. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வாய், என்னுடையது.

என் மூன்றாவது பையனுக்குப் போய்ச் சேராத பால். அதற்குத் தாள் இல்லை. அவனுக்கு இப்போது நாற்பத்திரண்டு.

ஆள், ஒருவர். சின்னச்சாமி அண்ணன். வயது எழுபத்தாறு. நடந்து போய் ஏறினார்.