கீழ் வேலை

— உடம்பு சரியில்லன்னா சரியில்லதான் மேடம். அதுக்கு மேல என்ன சொல்லச் சொல்றீங்க?

— உடம்பு சரியில்லாதவன் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்குவான். நீ பேயைக் கண்டவன் மாதிரி இறங்கினே. கிரேன் ஆப்பரேட்டர் வேலை நடுவுல இப்படி இறங்கி நான் பார்த்ததே இல்ல, கொக்கு.

— சுமையைத் தரையில வச்சுட்டு, கேபினைப் பூட்டிட்டுத்தான் இறங்கினேன்.

— சரி, பூட்டினே. முதல்ல உட்காரு. நீ நிக்கிற லட்சணத்தைப் பார்த்தா விழுந்துடுவ போல இருக்கு.

— பரவாயில்ல மேடம்.

— உட்காருன்னு சொன்னேன். தண்ணி குடி. இந்தத் தகரப் பெட்டிக்குள்ள ஆபீஸ் வச்சதுலேர்ந்து வெளியே என்ன நடக்குதுன்னே தெரிய மாட்டேங்குது. இந்தப் பக்கம் ஃபேன் சத்தம், அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம். நீ கத்தினாலும் வெளியே யாருக்கும் கேட்காது, அதனால தைரியமாப் பேசு.

— பேசறதுக்கு ஒண்ணும் இல்லையே.

— உன் சட்டையில வாடை வருது.

— பீடியா இருக்கும் மேடம்.

— பீடி இல்ல அது. வியர்வையும் இல்ல. கட்டட வேலையில தலை நரைச்சவ நான். அது என்ன வாடைன்னு எனக்குத் தெரியும்.

— நான் தொடல மேடம்.

— தொடாதவன் கிட்ட எப்படி வரும்?

— பக்கத்துல யாராவது… காத்துல வந்திருக்கும்.

— அவ்வளவு உசரத்துல கேபின்ல தனியா உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பக்கத்துல யாரு? காக்காவா? சிரிக்கிறதுக்குத்தான் சொன்னேன். நீ சிரிக்கலையே. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

— மேடம், என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க. நாளைக்கு வந்து பார்த்துக்கலாம்.

— போகலாம். உன்னைக் கட்டியா வச்சிருக்கேன்? ஆனா நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ. இந்தக் கம்பெனியில கஞ்சாவைத் தொட்டவன் நீ ஒருத்தன் மட்டும் இல்ல. எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல யார் மேலயாவது வாடை அடிச்சா அன்னிக்கே வெளியே தள்ளுவார். போலீஸைக்கூட வரவழைச்சிருக்கார். என்ன ஆச்சு? எல்லாரும் ஒளிச்சு வைக்கக் கத்துக்கிட்டாங்க. ஏலக்காய் மெல்லுவாங்க, கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்குவாங்க, ஏறிடுவாங்க. வெளியே தள்ளினவன் மறுநாளே வேற எங்கேயோ போய் ஏறியிருப்பான். யோசிச்சுப் பார். அதனாலதான் நான் அதை மாத்தினேன்.

— தெரியும் மேடம்.

— என்ன தெரியும்? சொல்லு பார்ப்போம்.

— ஒத்துக்கிட்டா வேலை போகாது. மேலேர்ந்து கீழே இறக்குவீங்க. சரியானதும் திரும்ப ஏத்துவீங்க.

— அவ்வளவுதான். திட்டு கிடையாது, சம்பளத்துல கை வைக்கிறது கிடையாது, வீட்டுக்குச் சொல்றது கிடையாது. கொஞ்ச நாள் கீழ் வேலை. கிரேனுக்குக் கை காட்டுறது, கயிறு பிடிக்கிறது. உயரத்துல இருந்தாத்தானே ஆபத்து? தரையில நிக்கிறவன் யாரைக் கொல்லப் போறான்? இந்த ஏற்பாட்டைப் பார்த்துட்டு மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. இரக்கமும் இருக்கு, கண்டிப்பும் இருக்குன்னாங்க. என்ன அப்படிப் பார்க்கிற?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லன்னா கண்ணைக் கீழே போடு. சரி, இந்தா. இந்தச் சோதனை அட்டையை நாக்குக்கு அடியில வை. எச்சில் ஊறினதும் எடு. ஒரு கோடு வந்தா நீ சுத்தம். கோடு வரலன்னா அதை உனக்கும் எனக்கும் நடுவுல வச்சுக்கலாம்.

— வேணாம் மேடம்.

— ஏன் வேணாம்?

— நான்தான்னு வச்சுக்கங்க. நான்தான் புகைச்சேன். போதுமா?

— இப்பத்தானே தொடலன்னே.

— இப்ப ஒத்துக்கிறேன்.

— கொக்கு, என்னைப் பார்த்துச் சொல்லு. தப்புப் பண்ணினவன் மாட்டேன்னு சொல்றதைப் பார்த்திருக்கேன். பண்ணினேன்னு நீ அவசரப்படுறதைத்தான் இப்பப் பார்க்கிறேன். அட்டையை வாயில வை.

— மேடம்…

— வை.

— …

— ம். அப்படியே இரு. பேசாதே. இது ஊறுறதுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். … கண்ணை மூடிக்கோ வேணும்னா. … எனக்கும் இதெல்லாம் பிடிச்சா செய்யறேன்? ராத்திரி படுத்தா மேலே எதுவோ தொங்குற மாதிரியே இருக்கும். கூரையைப் பார்க்கவே பிடிக்காது. குப்புறப் படுத்துத்தான் தூங்குறேன். … போதும், எடு. இங்க வை.

— வேலை நிக்குதா மேடம்?

— எந்த வேலை?

— அந்தப் படிக்கட்டு. வார்த்து வச்ச கான்கிரீட் படியைக் குழிக்குள்ள இறக்கணும்னு இருந்துச்சே. நான் தரையில வச்சுட்டு வந்தேன்.

— அது எதுக்கு நிக்கணும்? இன்னிக்கு இறக்கியாகணும். சின்னவன் ஏறியிருக்கான்.

— யாரு?

— என் தம்பிதான். லைசென்ஸ் வாங்கி வச்சுக்கிட்டு, ஏற விடலன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தானே. நீ இறங்கினதும் அவனே வந்து நின்னான். மாத்துச் சாவியைக் குடுத்து ஏறுடான்னுட்டேன். இந்நேரம் படியைக் கொக்கியில மாட்டியிருப்பாங்க.

— மேடம், நிறுத்தச் சொல்லுங்க.

— எதுக்கு?

— சும்மா. இன்னிக்கு வேணாம். காத்து ஜாஸ்தியா இருக்கு.

— காத்தா? வெளியே ஒரு இலை அசையல.

— சின்னவருக்குப் பழக்கமில்ல. மேலேர்ந்து பார்த்தா குழிக்குள்ள ஒண்ணுமே தெரியாது மேடம். கறுப்பா ஒரு ஓட்டை, அவ்வளவுதான். உள்ள ஆள் நிக்கிறானா, சிமெண்ட் மூட்டை கிடக்குதான்னு தெரியாது. கண்ணைக் கட்டி விட்ட மாதிரிதான் இறக்குறோம்.

— அதுக்குத்தானே குழி ஓரமா ஒருத்தர் நின்னு கை காட்டுறார்? அவர் இறக்குன்னா இறக்கப் போறான், நிறுத்துன்னா நிறுத்தப் போறான். உனக்கு மட்டும் என்ன பெரிய கண்ணு இருக்கா? நீயும் அந்தக் கையைப் பார்த்துத்தானே இத்தனை நாளா இறக்கினே.

— ஆமா மேடம். அந்தக் கையைப் பார்த்துத்தான்.

— இரு. கோடு வருது. … கொக்கு, இது ஒரு கோடு. நீ சுத்தம். அப்போ எதுக்கு ஒத்துக்கிட்டே? வாயைத் திற. இப்ப நான் உன் முதலாளியாக் கேட்கல. மேலே என் கூடப் பிறந்தவன் உட்கார்ந்திருக்கான், அதனால கேட்கிறேன்.

— சொன்னா என் அக்கா முகத்துல முழிக்க முடியாது மேடம்.

— உன் அக்காவுக்கும் இதுக்கும் என்ன?

— கை காட்டுறது யாரு இன்னிக்கு?

— உன் மாமாதான். உன் அக்கா புருஷன்.

— அவர்தான் மேடம்.

— அவரா? அவர் விட்டுட்டாரேப்பா. இதே நாற்காலியில உட்கார்ந்து அழுதார். நான்தான் கிரேன்லேர்ந்து இறக்கி, கீழே போட்டேன். பொண்டாட்டி மேல சத்தியம் பண்ணினார்.

— அக்கா மேல அவர் பண்ணாத சத்தியம் கிடையாது. மேலே இருந்தப்ப பயந்து பயந்து, எப்பவாவது ஒண்ணு. கீழே வந்ததும் பயம் போயிடுச்சு. கீழ் வேலைதானே, யாருக்கு என்னன்னு அவரே சொல்றார். காலையில ஏணி அடியில நின்னு என் தோள்ல கையைப் போட்டு, மாப்ளே, பத்திரமா ஏறுன்னார். அந்த வாடைதான் சட்டையில.

— ஏன் அப்பவே என்கிட்ட வரல?

— வந்தா அவரை எங்க இறக்குவீங்க? கீழேதான் ஏற்கெனவே இருக்காரே. அதுக்குக் கீழே தெருதான். ரெண்டு பிள்ளைங்க மேடம்.

— அதனால?

— சமாளிச்சிடலாம்னு ஏறிட்டேன். படியைத் தூக்கி, குழிக்கு நேரா கொண்டு வந்தேன். அவர் கையைப் பார்த்தேன். இறக்குன்னு காட்டினார். நான் இறக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள ஏத்துன்னு காட்டினார். அப்புறம் ரெண்டு கையையும் தூக்கி, குழந்தைக்கு டாட்டா காட்டுற மாதிரி ஆட்டினார். அப்படின்னா என்ன அர்த்தம் மேடம்? எனக்கு எந்தப் பாடத்துலயும் அதைச் சொல்லிக் குடுக்கல. அவர் சிரிச்சுக்கிட்டிருந்தார். அவருக்குப் பின்னாடி குழிக்குள்ள ஆள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. அவர் கையைப் பார்க்கிறதை விட்டுட்டு, நானாவே படியைத் திருப்பித் தரையில வச்சேன். இறங்கிட்டேன்.

— கடவுளே.

— சின்னவரைக் கூப்பிடுங்க மேடம். நிறுத்தச் சொல்லுங்க.

— எப்படிக் கூப்பிடுறது?

— வாக்கி-டாக்கியில.

— கேபின்ல வாக்கி கிடையாதே. ஆளாளுக்கு அதுல கத்திக் குழப்புறீங்கன்னு நான்தானே அதை எடுத்துட்டு, கை சைகை மட்டும்தான்னு சொன்னேன். போனையும் ஏறும்போது அலமாரியில வச்சுப் பூட்டச் சொல்லிட்டேன். இருக்கிறது ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு…

— மாமாகிட்ட.

— ஆமா.

— அப்போ அவரையே கூப்பிடுங்க. கோபமாப் பேசாதீங்க மேடம். திட்டினா பதறிடுவார். பதறினா கை எங்க போகும்னு சொல்ல முடியாது. சாதாரணமா, தினமும் பேசுற மாதிரி. நான் ஓடிப் போய் ஏணியில ஏறுறேன்.

— இரு, ஏணியில நீ ஏறி முடிக்கிறதுக்குள்ள… இரு. இந்தப் பட்டனை நீ அழுத்திப் பிடி. … கேட்குதா? நான்தான் பேசுறேன்.

— சொல்லுங்கம்மா. கேட்குது, ஜம்முனு கேட்குது.

— சாப்பிட்டாச்சா?

— ஆச்சும்மா. நீங்க?

— ம். அந்தப் படி வேலை எந்த மட்டுல இருக்கு? இன்னிக்கு வேணாம்னு தோணுது. சின்னவனை அதைத் தரையில வைக்கச் சொல்லிடுங்களேன். நிதானமா, அவசரமே இல்ல.

— அட, நீங்க இப்பச் சொல்றீங்க. அது அப்பவே தரையில ஜம்முனு உட்கார்ந்துடுச்சும்மா. கொக்கி காலி.

— காலியா? நிச்சயமா?

— நான் பார்த்துத்தானே சொல்றேன். ஆளுங்க சும்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. குழிக்குள்ள இறங்கிக் குப்பையெல்லாம் கூட்டி அள்ளுங்கடான்னு கொத்தனாரோட எல்லாரையும் உள்ள அனுப்பிட்டேன். வேலையும் ஆச்சு பாருங்க.

— நல்லது. நல்லதுங்க. நீங்க அப்படியே ஓரமா உட்காருங்க, நான் வர்றேன்.

— வாங்கம்மா, வாங்க.

— அப்பாடா. கேட்டியா, கொக்கு? தரையிலதான் இருக்காம். நீ வச்ச இடத்தை விட்டு அது நகரவே இல்ல போல. சின்னவன் சும்மாதான் உட்கார்ந்திருக்கான். எனக்கு உசிரே போயிடுச்சு. அந்த மனுசனை இன்னிக்கு நானே வீட்டுல கொண்டு போய் விடுறேன். உன் அக்காகிட்ட நான் பேசுறேன், நீ பேச வேணாம். நாளைக்கு எல்லாரையும் உட்கார வச்சுப் பேசணும். மேலே இருக்கிறவனுக்கு ஒரு சட்டம், கீழே இருக்கிறவனுக்கு ஒரு சட்டம்னு நான் வச்சதுதான் தப்பு. … எங்க போற? கதவை ஏன் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிற? புழுதி வருது. கொக்கு, உன்னைத்தான். அண்ணாந்து என்னத்தைப் பார்க்கிற?

— படி குழிக்குள்ள இறங்கிக்கிட்டிருக்கு மேடம்.