அமரர் என்று தொடங்கிய கட்டுரை

ஐயா, இந்த ஊரில் யாராவது கண்ணை மூடினால் பந்தல்காரருக்கு அடுத்தபடியாக என்னைத்தான் தேடுவார்கள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டுமே. துறைமுகத்தில் கோப்பு எழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதுதான் என் தொண்டு. ஊரை அடித்து உலையில் போட்டவரையும் கொடைவள்ளல் ஆக்கி அனுப்பியிருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

உயிரோடு இருக்கிறவர்களின் விஷயம் வேறு. அவர்களைப் பற்றிப் பாஹிமின் வாரப் பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதினேன். உயிரோடு இருப்பவரைப் புகழ்ந்தால் அவருக்குத் தலைக்கனம் வரும், மற்றவர்கள் கோபிப்பார்கள், வாசகருக்கும் ருசிக்காது.

ஆனந்தராசாவோடு எனக்குப் பகை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். அன்புவழிபுரத்தில் இருந்துகொண்டு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என்று நாலு பேர் வாசிக்க இசை எழுதிய மனிதர். பாட்டில்லை, மிருதங்கமில்லை. வாசிப்பவர்களைக் கொழும்பிலிருந்து அவரே கூட்டிவருவார். முதல் கச்சேரியைப் பற்றி, 'சுருதி சேர்த்து முடியட்டும் என்று காத்திருந்தேன். மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள்' என்று எழுதினேன். பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த கச்சேரிக்குப் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தனவாம். நான் போகவில்லை. ஆனாலும் எழுதினேன்.

இந்த வருடம் ஜெர்மனியில் ஒரு விழாவில் அவருடைய மூன்றாவது படைப்பை வாசித்தார்கள். அங்குள்ள பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின. உடனே எங்கள் ஊரிலும் பதாகை கட்டினார்கள். நான் மீன் வாங்கப் போனால், "நீங்கள் அப்ப என்ன எழுதினனீங்கள், சேர்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஊருக்கு அதைப் பழக்கியவனே நான்தான். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

விமர்சகன் கருத்தை மாற்றக் கூடாது என்று சட்டமில்லை. ஒரு கிழமை வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருந்து அவரைப் புகழ்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு கட்டுரை வந்ததில்லை. பாஹிம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சேர், 'அமரர் ஆனந்தராசா' எண்டு தொடங்கியிருக்கீங்க. ஆள் இருக்காரே. காலையிலயும் மார்க்கட்டில கண்டேன்."

பழக்கதோஷம். புகழத் தொடங்கினால் என் கை அப்படித்தான் போகும்.

"அதை எடுத்தாலும் போட ஏலாது, சேர். முந்தி நீங்க எழுதினதையும் பக்கத்தில போடச் சொல்லிச் சனம் பகிடி பண்ணும். ஆள் மௌத்தாகியிருந்தா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். அவர்மேல் பிழையில்லை. ஆனால் சொன்னது நியாயம். இறந்தவரைப் பற்றி நேற்று என்ன சொன்னாய் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லை வெட்டிவிட்டு வாசித்துப் பார்த்தேன். உப்பில்லாப் பண்டமாக இருந்தது. உயிரோடு நடமாடுகிற ஒருவரை அவ்வளவு புகழ்வது எனக்கே கூச்சமாக இருந்தது. கட்டுரையைத் திருத்த முடியவில்லை, ஐயா. ஆகவே மற்றதைத் திருத்த வேண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட்டேன். மறுக்காமல் வந்தார். அவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பது ஊரறிந்த விஷயம். ஒரு கலியாண வீட்டில் இறால் வைத்த ரோல்ஸ் தின்று, தொண்டை வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். நான் சல்லிக் கடற்கரையில் வாங்கிய கூனி இறாலை வறுத்துத் தூளாக்கித் தேங்காய்ச் சம்பலில் சேர்த்திருந்தேன். மாசிக் கருவாடு போட்ட சம்பல் என்று சொன்னேன். சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

"அண்ணை, நீங்கள் எழுதினதில எனக்குக் கோவமில்லை. சுருதி சேர்க்கிறதெண்டு பகிடி விட்டனீங்களெல்லோ, மூண்டாவதை அதிலதான் தொடங்கினனான். கேட்டனீங்களே?"

"ஓம் தம்பி, அருமை. இன்னும் கொஞ்சம் சம்பல் போடுங்கோ."

நான் கேட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மனத்தை நோகடிப்பது என் வழக்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து சரிந்தார். செல்போனைத் தேட எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அது என் சட்டைப்பையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

நினைவு மலரைப் பார்த்ததும் பாஹிம் பொலிஸ் நிலையத்துக்கு ஓடிவந்தது சரிதான். ஆனந்தராசா உயிரோடு இருந்தபோது பாஹிம் வாசித்த அதே கட்டுரைதான் அது. 'அமரர்' உட்பட ஒரு சொல்லும் மாற்றவில்லை. நான்தான் கொன்றேன், ஐயா, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மனிதருக்கு இந்த ஊரில் ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. அவருடைய எந்தக் கச்சேரிக்கும் அவ்வளவு சனம் வந்ததில்லை. அவருடைய இசையை வாசிக்க அங்கே ஆளில்லாததால் என் கட்டுரையை வாசித்தார்கள்.

வாசித்து முடிந்ததும் அவருடைய மனைவி குணேஸ்வரி மலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, இதை அவர் இருக்கேக்க ஒருக்கா வாசிச்சுக் காட்டியிருந்தா, அவருக்கு அது போதுமே."

எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, ஐயா. கட்டுரை அவ்வளவு நன்றாக வந்திருந்தது.