கழுகின் ஏழாவது இறகு

உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துடைக்கப் பழைய பருத்தி பனியனுக்கு ஈடு எதுவும் கிடையாது. போலிப் பதக்கங்களைக் கண்டறிவது பற்றிய என் நூலின் முன்னுரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறேன். நம் பதக்கச் சேகரிப்பாளர் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு இப்போது கேட்டிருப்பது வேறு: முதல் பதிப்பின் அட்டையில் ஆறு இறகுக் கழுகோடு இருந்த கோல்ம் கேடயம், இரண்டாம் பதிப்பில் ஏழு இறகோடு இருப்பது எப்படி? நியாயமான கேள்வி. ஒளிக்காமல் சொல்கிறேன்.

கோல்ம் கேடயம் என்றால் உங்களுக்குத் தெரியும். 1942இல் கோல்ம் என்ற ரஷ்ய ஊரில் நூற்றைந்து நாள் முற்றுகையில் அகப்பட்டு மீண்ட நம் ஜெர்மன் சிப்பாய்களுக்கு, சட்டைக் கையில் தைத்துக்கொள்ளக் கொடுத்த தகரத் துண்டு. கால்விரல்களை அங்கேயே விட்டு வந்தவர்களுக்கும் அதே துண்டுதான்.

1996 நவம்பர் கூட்டத்துக்கு, கஸெல் நகர மதுக்கடையின் பின்னறைக்கு, ஹெட்விக் பிரேன் அம்மையார் வந்தார். எழுபத்தாறு வயது. கைக்குட்டையில் சுற்றியிருந்த கேடயத்தை மேசையில் வைத்தார். நம் செயலாளர் லோத்தர் வழக்கம்போல் அதன் ஸ்வஸ்திகாமேல் சிவப்புப் புள்ளியை ஒட்டினார். நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டக்கூடாது என்ற சட்டம் சட்டம்தானே. அதன்பிறகு எல்லாரும் நிம்மதியாகப் பிளம் கேக் சாப்பிட்டோம்.

"என் வீட்டுக்காரர் அல்வினோடது, டாக்டர். முதியோர் இல்லத்துல படுத்துக் கெடக்கார். விக்க வரல. சட்டம் போட்டு அவர் கட்டிலுக்கு மேல மாட்டணும். எதுக்குக் குடுத்தாங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

நான் டாக்டர் இல்லை. பெரியவர்களைத் திருத்துவது அநாகரிகம்.

கண்ணாடியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஏழு இறகு. அச்சும் தேய்மானமும் பொய் சொல்லாது. அசல். அப்படியானால் என் அட்டையில் இருப்பது போலி. பதினோரு ஆண்டு அதைக் காட்டித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் நீங்களும் வாங்கினீர்கள், விற்றீர்கள். ஒரு கட்டில் அலங்காரத்துக்காக ஒரு துறையையே குலைக்க முடியுமா?

"அசலில் ஆறு இறகுதான் அம்மா," என்றேன்.

"கோழியா டாக்டர், இறகெண்ண?" என்று சிரித்தார்.

"புத்தகத்துல இல்லாத கழுகு பறக்காதும்மா," என்றார் லோத்தர்.

அம்மையாரின் சிரிப்பு நின்றது. "அப்போ அந்த மூணரை மாசம் அல்வின் எங்க இருந்தார்?"

அவரே சொன்னார்.

"பிப்ரவரில புள்ள பொறந்தான். ஏப்ரல்ல போயிட்டான். தினம் அவருக்கு ஒரு கடுதாசி போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. புருஷன் அங்க எவளையோ புடிச்சுட்டான்னு தெருவே பேசுச்சு. வந்ததும் இந்தத் தகரத்தைக் காட்டி, 'சுத்தி வளைச்சுட்டாங்க ஹெட்டி, எப்படி எழுதுவேன்'னு அழுதார். இதை நம்பித்தான் அம்பத்துநாலு வருசம் குடும்பம் பண்ணினேன்."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம் என்பீர்கள். பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உணர்ச்சிக்காகக் கருத்தை மாற்றுபவன் நிபுணன் அல்ல. 'பிற்காலப் போலி' என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்தேன். கட்டணம் வாங்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் அம்மையார் கறுப்பு உடையில் வந்தார்.

"அவர் போயிட்டார், டாக்டர். உங்க சீட்டை அவர் கட்டில்ல போட்டுட்டு வந்தேன். அதுக்கப்புறம் எட்டிக்கூடப் பாக்கல. தினமும் கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தாராம். நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. 'சுத்தி வளைச்சுட்டாங்க, பாவம், ஹெட்டியால வர முடியல'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். சாகுற வரைக்கும் அந்தப் பொய்யை விடல பாருங்க."

'போலியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?' என்று கேடயத்தை என் மேசையில் விட்டுப் போனார்.

இரண்டாம் பதிப்பின் அட்டையில் இருப்பது அதுதான். ஆறு இறகுப் படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். புதியதன் கீழே, 'முற்றுகையில் இருந்த சிப்பாயின் குடும்பத்திடமிருந்து நேரடியாகப் பெற்றது. ஐயத்துக்கு இடமில்லை' என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

உண்மைக்கு ஆற்றிய தொண்டுக்காகச் சங்கம் எனக்குத் தங்க ஊசிச் சின்னம் அணிவிக்கும் விழாவைத் தள்ளிவைத்திருப்பதாக அறிகிறேன். எப்போது நடத்தினாலும் ஒரு வேண்டுகோள். பிரேன் அம்மையாருக்கு மட்டும் அழைப்பிதழோ நூலோ அனுப்ப வேண்டாம். இந்த வயதில் அவர் மனம் புண்படுவதை என்னால் தாங்க முடியாது.