பெரியப்பா தூக்கின எழுபது கிலோ

—சும்மா மழுப்பாதீங்க மாஸ்டர். நல்லா இருந்த மனுஷன், காலையில உங்க ஜிம்முக்கு வந்தார். இப்போ ஐசியூல கிடக்கிறார்.

—முதல்ல உட்காருங்கம்மா. அவர் விழுந்த அந்த பெஞ்ச் வேண்டாம். இந்த ஸ்டூல்ல உட்காருங்க.

—உட்கார வரல. கிளினிக்ல டோக்கன் குடுத்துட்டிருந்தேன், உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார்னு ஃபோன். போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரியில ஒரே கேள்வி, வலி எப்போலேர்ந்துன்னு. பொண்டாட்டி நான், எனக்கே தெரியல.

—மூணு வாரமாவே இருக்கும்மா.

—மூணு வாரமா! தெரிஞ்சேதான் தூக்க விட்டீங்களா?

—முதல்ல தோள்தான். படுத்துக்கிட்டு எடை மாட்டின பாரைத் தூக்கறப்போ முழங்கையை ரெண்டு பக்கமும் அகல விரிச்சுக்குவார். அப்படித் தூக்கினா யாருக்கும் தோள் பிடிச்சுக்கும். கையை ஒடுக்குங்க, எடையைக் குறைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

—தோள் வலி எனக்கும் தெரியும். தினம் தைலம் தேச்சு விட்டவ நான்தானே. நெஞ்சைப் பத்தி மூச்சே விடலையே.

—இங்கயும் சொல்லல. ஒருநாள் பாரை வெச்சுட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். தசைப்பிடிப்புன்னா அமுக்கினா வலிக்கும். அமுக்கிப் பாத்தேன், வலிக்கலைன்னார். மாடிப்படி ஏறறப்போ வருதான்னு கேட்டேன். 'வருது மாஸ்டர், நின்னா போயிடுது'ன்னு சிரிக்கிறார். இது நெஞ்சு சமாச்சாரம்னு எனக்குப் புரிஞ்சு போச்சு.

—புரிஞ்சு? இன்னும் பத்து கிலோ ஏத்தி விட்டீங்களாக்கும்.

—அபாண்டமா பேசாதீங்கம்மா. அன்னிக்கே பாரைப் பிடுங்கி ஸ்டாண்டுல வெச்சேன். டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டி, சீட்டு வாங்கிட்டு வராம இந்த வாசப்படியை மிதிக்காதீங்கன்னு அனுப்பிட்டேன்.

—அப்புறம் எதுக்கு மிதிச்சார்?

—இங்க பசங்க அவரைப் 'பெரியப்பா'ன்னுதான் கூப்பிடுவாங்க. பாசமாத்தான், கொஞ்சம் கிண்டலும் உண்டு. 'பெரியப்பா, ஓரமா நடங்க, இடுப்பு பிடிச்சுக்கும்'பானுங்க. கூடச் சேர்ந்து அவரும் சிரிப்பார். உள்ளுக்குள்ள ரோஷம். எழுபது கிலோ தூக்கிட்டா யாரும் அப்படிக் கூப்பிடக்கூடாதுன்னு பந்தயம் கட்டிட்டார்.

—நாப்பத்தேழு வயசுல பந்தயமா? வீட்டுல பீரோவை நகத்தச் சொன்னா பத்து நிமிஷம் முனகுவாரே, அந்த மனுஷனா? ஐயோ, யார்கிட்ட போய் என்னத்தை நிரூபிச்சு என்ன ஆகப்போகுது!

—அழாதீங்கம்மா.

—அழாம? மூக்குல குழாய், கையில ஊசி. கண்ணைத் திறந்து என்னைத் தெரியலைங்கிற மாதிரி பாக்கறார். சொல்லுங்க, மறுபடி எப்படி உள்ள விட்டீங்க?

—நாலு நாள் ஆளைக் காணோம். அஞ்சாம் நாள் சீட்டோட வந்து நின்னார். டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்துச்சு. நான் கும்பிடாத குறைதான், அவ்வளவு நிம்மதி. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், மறைக்க மாட்டேன். இன்னிக்கு வந்தப்பவே மூஞ்சி வெளுத்திருந்தது. பாத்தேன். சீட்டுதான் இருக்கேன்னு விட்டுட்டேன். எழுபதைத் தூக்கி வெச்சவர் அப்படியே சாஞ்சுட்டார். அந்தப் பாவம் என் தலையிலதான்.

—இருங்க. டாக்டர்கிட்ட அவர் எப்போ போனார்? போயிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாரா?

—போகாம சீட்டு எப்படி வரும்? டிராயர்லதான் வெச்சிருக்கேன்... இந்தாங்க. 'பரிசோதித்தேன். இருதயம் சீராக உள்ளது. எந்தக் கடினமான வேலையும் செய்யத் தகுதியானவர்.' போன வாரம் தேதி.

—குடுங்க அதை.

—எடுத்துட்டே போங்க. நெஞ்சு வலின்னு போன ஆளைத் தொட்டுக்கூடப் பாக்காம எழுதியிருக்கான் பாவி. அவனைச் சும்மா விடக்கூடாதும்மா. எங்க கூப்பிட்டாலும் நான் சாட்சிக்கு வர்றேன்... என்னம்மா, முத்திரையையே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? அந்த டாக்டரைத் தெரியுமா?

—எங்க கிளினிக் டாக்டர்தான் மாஸ்டர். ஆனா தனக்குப் பதிலா வேற ஒருத்தரை உட்கார வெச்சுட்டு அவர் பத்து நாளா ஊர்ல இல்ல.

—அப்போ இந்தக் கையெழுத்து?

—அவரோடதுதான். வெளியூர் போறப்போ வெறும் தாள்ல போட்டு வெச்சிட்டுப் போவார். லீவு கேக்கறவங்க, வேலைக்குச் சேர்றவங்க, யார் வந்தாலும் இதே மூணு வரிதான்.

—நோயாளியைப் பாக்காமலா? யாரு எழுதறது?

—எங்க வீட்டுக்காரரே ஆபீஸ்ல கேக்கறாங்கன்னு வந்து நின்னார் மாஸ்டர். கூட்டமா இருந்துச்சு. டோக்கன் கூப்பிட்டுக்கிட்டே, அவர் மூஞ்சியைக்கூட நிமிர்ந்து பாக்காம, நான்தான் எழுதிக் குடுத்தேன்.