சேவல் தீப்பெட்டியும் ஐந்தாவது விதியும்

அந்தக் குளத்துப் படிக்கட்டு சமாச்சாரம் மூணாவது சார். மூணாவதை மொதல்ல சொன்னா கேஸ் நிக்காது. முப்பது வருஷம் நோட்டீஸ் எழுதின கையி இது. அநீதியை வரிசையா அடுக்கணும், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. அப்பத்தான் படிக்கிறவனுக்குக் கோவம் ஏறும். நீங்க சும்மா, "இந்த பஸ் எப்பவும் இப்படிக் காலியாத்தான் போவுமா"ன்னு கேட்டீங்க. போவும், ஞாயித்துக்கெழமை காலைல. அதனாலதான் நாங்க இதுல கீறோம். ஏன் இதுல கீறோம்னு கேட்டா, அங்கதான் அநீதி நம்பர் ஒண்ணு வருது.

மொதல்ல அந்தப் பலாப்பழத்தைக் கீழ வைங்க. மடியில வெச்சிகினு எவ்ளோ நேரம் கேப்பீங்க. லஸ்லதானே எறங்கணும்? நல்லது. எனக்கு அதுக்கு முன்னாடி, கோயில் குளத்தாண்ட பஸ் போறதுக்குள்ள உங்களால ஒரு காரியம் ஆவணும். ஒரு பேரு படிக்கணும். படிக்கிறது வேற ஆளு, நீங்க காதால கேட்டா போதும். கேட்டேன்னு இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து. இன்னிக்கு அது நடக்காட்டி, ஒரு உறுப்பினர் எங்க சங்கத்தை விட்டுப் போயிடுவாரு. நல்ல உறுப்பினரு சார். நான் சொல்லக்கூடாது.

இன்னா சங்கமா? அத்தத்தானே சொல்ல வந்தேன். தீப்பெட்டிப் படம் சேக்கற சங்கம். சிரிக்காதீங்க. பெட்டி மேல ஒட்டிக் கீற படம், மயிலு, தாமரை, ஒட்டகம், கத்திரிக்கோலு. தண்ணில ஊறப் போட்டு, நோவாம உரிச்சி, காய வெச்சி, நோட்டுல ஒட்டறது. சின்னப் பசங்க வேலைன்னு நெனப்பீங்க. கடைசி சீட்ல கண்ணாடி போட்டுகினு ஒருத்தர் கீறாரு பாருங்க... இப்ப திரும்பாதீங்க. அப்புறமா பாருங்க. அவருதான் செயலாளர் கல்யாணராமன். காலேஜ்ல கெமிஸ்ட்ரி பரிசோதனை ரூம்ல இருந்து ரிடையரானவரு. பக்கத்துல குடை ரிப்பேர் ஷரஃபுதீன் பாய். அந்தாண்ட வெள்ளைச்சாமி, தி.நகர்ல ஜவுளிக்கடை, சாத்தூர்ப் பக்கத்து ஆளு, ஊருக்குப் போனா ஒரு பை நெறைய படத்தோட வருவாரு. ஜன்னலோரமா நீரஜா டீச்சர், டிராயிங் டீச்சர். அஞ்சாவது நானு.

நான் ஏன் இங்க முன்னாடி உக்காந்துகினு கீறேனா? வரிசையா வர்றேன் சார்.

நம்பர் ஒண்ணு, மந்தைவெளியில ஒரு படிப்பகம். மேசை மேல பரப்பினோம். பாத்துக்கிற ஆளு வந்தாரு. "தீப்பெட்டி உள்ள கொண்டாரக் கூடாது, புத்தகம் பத்திக்கும்"னாரு. காலிப் பெட்டி சார். ஒரு குச்சி கெடையாது. காலிப் பெட்டி எப்படிய்யா பத்தும்னேன். "பத்திச்சின்னா நீ வருவியா"ன்னாரு. அனுப்பிட்டாரு.

நம்பர் ரெண்டு, ஒரு பார்க்கு. மரத்தடியில வட்டமா உக்காந்தோம். "ரெண்டு மயிலு தர்றேன், ஒரு சிங்கம் குடு"ன்னு பாய் சொல்றாரு. "ரெண்டு மயிலுக்கெல்லாம் சிங்கம் எறங்காது"ங்கறாரு வெள்ளைச்சாமி. வாட்ச்மேன் புதர் பின்னாடி நின்னு இத்தக் கேட்டுகினே இருந்திருக்கான். சூதாட்டம்னு தடியைத் தட்டிகினு வந்துட்டான். டீச்சரை மட்டும் பாத்து, "ஏம்மா, நீயுமா"ன்னான்.

நம்பர் மூணு, இப்பத்தான் வருது, கோயில் குளத்துப் படிக்கட்டு. முருகன் படம் போட்ட பெட்டி ஒண்ணு. அத்தப் படியில வெச்சிட்டோம். "சாமியைக் கால் மிதிக்கிற எடத்துல வெக்கறானுங்க"ன்னு கூட்டம் கூடிடுச்சி. அதுலயும் என் மூஞ்சி அந்தத் தெருவுக்குத் தெரிஞ்ச மூஞ்சி. சாமி இல்ல, பூதம் இல்லன்னு அதே குளத்தாண்ட நோட்டீஸ் குடுத்தவன் நானு. சரின்னு முருகனைப் பத்தரமா ரெண்டு கையால எடுத்தேன். எடுத்ததுக்கும் அடிக்க வந்தாங்க.

நம்பர் நாலு, கல்யாணராமன் வீடு. "நம்மாத்துலயே உக்காந்துக்கலாம், யார் கேக்கப் போறா"ன்னு கூட்டிக்கினு போனாரு. ஊறப் போட ஏனம் வேணும். சமையல் ரூம் ஓரமா ஒரு சொம்பு இருந்துச்சி. எடுத்தேன். அது ஈயச் சொம்புன்னு எனக்கு இன்னா தெரியும்? அவங்க ரசம் வெக்கறதாம். அன்னிக்கு மத்தியானம் அவரு தட்டுல ரசத்தோட ஒரு ஒட்டகம் வந்து விழுந்துச்சாம். விஜயலக்ஷ்மி மாமி அதுலேருந்து எங்களை வாசப்படி ஏத்தறதில்ல. இதுல என் தப்பு இன்னா சார்? ஒரு ஒட்டகத்தை எடுக்க மறந்துட்டேன், அவ்ளோதான்.

ஆங், அடையாறு வந்துடுச்சி. டிப்போவாண்ட ரெண்டு நிமிஷம் நிப்பான்.

அப்பத்தான் நான் சொன்னேன். தோழர்களே, இந்த மெட்ராஸ்ல ஒரு மனுசனை எவனும் எழுப்பி வுட முடியாத எடம் ஒண்ணு கீது. டிக்கெட் வாங்கின பஸ் சீட்டு. எனக்குத் தெரியும் சார், டிராம்ல கண்டக்டரா இருந்தவன் நானு, அம்பத்தி மூணுல டிராமு நிக்கிற வரைக்கும். கடைசி ஸ்டாப்பு வரைக்கும் டிக்கெட் வாங்கிட்டா, எறங்கற வரைக்கும் அந்த எடம் உன்னுது. ஞாயித்துக்கெழமை ஏழே காலு வண்டி, கடைசி சீட்டு. திருவான்மியூர்ல ஏறி தி.நகர்ல எறங்கு. ஒன்றரை வருஷமா நடந்துச்சி, ஒரு கொறை இல்ல.

கொறை இல்லன்னா, கொறை வந்துச்சி. பாய் ஒருத்தர்கிட்ட, "அண்ணே, அந்தக் கடைசிக் குச்சியைச் சீக்கிரம் கொளுத்திட்டுப் பெட்டியைக் குடுங்க"ன்னு கேட்டாரு. வெள்ளைச்சாமி ஜன்னலைத் தெறந்தாரு, டீச்சரோட பதினாறு யானையும் பட்டினப்பாக்கம் பாத்துப் பறந்துடுச்சி. அதனால விதி எழுதினேன். நான் படிச்சது மூணாங்கிளாஸ், மீதியெல்லாம் ஓரணாப் பிரசுரம். ஆனா எழுத உக்காந்தா வரும். பதினோரு விதி, கார்பன் வெச்சி அஞ்சு காப்பி. பாருங்க. ஒன்று, கடைசி இருக்கையைத் தவிர வேறெங்கும் படம் விரிக்கலாகாது. இரண்டு, படம் வெளியே இருக்கும்போது ஜன்னல் மூடியிருக்க வேண்டும். மூன்று, பயணிகளின் தீப்பெட்டியைக் குச்சி தீருமுன் கேட்கலாகாது. நான்கு, பெண்கள் இருக்கையில் பையைக்கூட வைக்கலாகாது. ஐந்து... ஐந்தை அப்புறம் பாப்போம்.

தண்டனைதான் முக்கியம். விதியை மீறினவர் பஸ்ல எழுந்து நின்னு, தன் பேரைத் தகப்பன் பேரோட, இன்ன விதியை மீறினேன்னு உரக்கப் படிக்கணும். சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ரெண்டு பேரு கேட்டு கையெழுத்துப் போடணும். நமக்குள்ள கேட்டா நாம மூடி மறைச்சிடுவோம், அதான் வெளியாளு. இந்த யோசனை எங்கேருந்து வந்துச்சின்னா, கோர்ட்டுலருந்து. மூணு வாட்டி உள்ள போயிருக்கேன் சார். குமாஸ்தா என் பேரை, தகப்பன் பேரை, குத்தத்தைப் படிப்பான். வெளிய ஜன்னலாண்ட நம்ம ஜனங்க கை தட்டும். அந்தச் சத்தத்துல நான் ஒரு முழம் உசந்து நிப்பேன். அன்னிக்கு எனக்கு மாலை போட்டவன் ஒருத்தன், இப்போ என்னைத் தெருவுல பாத்தா கார் கண்ணாடியை ஏத்திக்கறான். போவட்டும். ஞாயித்துக்கெழமை ஆனா எனக்கு இந்த கடைசி சீட்டு போதும்னு இருந்தேன்.

பாய் மறுபடியும் ஒருத்தர்கிட்ட பெட்டி கேட்டு மாட்டிக்கினாரு, படிச்சாரு. மூணாவது விதி. சிரிச்சிகினே படிச்சாரு. டீச்சர் படிச்சாங்க, ஏழாவது விதி, பஸ்ல தண்ணி கொண்டாரக் கூடாது. டிபன் பாக்ஸ்ல ரெண்டு படத்தை ஊறப் போட்டு எடுத்துகினு வந்தாங்க, ஒருத்தர் வேட்டியில கொட்டிடுச்சி. அன்னிக்கு அவங்க கிளாஸ்ல படிக்கிற ரெண்டு பொண்ணுங்க இதே பஸ்ல. நான் வுடல. விதின்னா விதி டீச்சர்னேன். எழுந்தாங்க. அந்தப் பொண்ணுங்க பக்கமே திரும்பல. படிச்சி முடிச்சி உக்காந்து, அடுத்த படத்தை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

இதான் பாலம். ஜில்லுன்னு காத்து வருது இல்ல? இன்னும் நேரம் கீது, உக்காருங்க. பழத்தைத் தூக்கிகினு ஓடவா போறீங்க.

இப்ப விஷயம். மூணு வாரம் முன்னாடி. நாம இப்ப தாண்டி வந்தோமே, அதே அடையாறு ஸ்டாப்பு. ஒரு ஆளு எறங்கினான். எறங்கி, சிகரெட்டைப் பத்த வெச்சான். கடைசிக் குச்சி. பெட்டியைத் தூக்கிப் போட்டான். எங்க உறுப்பினர் ஒருத்தர் ஜன்னல் வழியா பாக்கறாரு. சேவல் படம். வலப்பக்கம் பாக்குற சேவல்.

உங்களுக்குப் புரியல. எங்க நோட்டுல நாப்பத்தியொரு சேவல் கீது. அத்தனையும் இடப்பக்கம் பாக்குது. வலப்பக்கம் பாக்குற சேவல் ஒண்ணு கீதுன்னு வெள்ளைச்சாமி ஊர்ல ஒருத்தன் சொல்லி, நாலு வருஷமா தேடறோம். உறுப்பினர் எறங்கிட்டாரு. "ஏ பெரிசு, ஏறு"ங்கறான் கண்டக்டர். ஒரு நிமிஷம்னாரு. விசில் குடுத்துட்டான். பெட்டி சாக்கடை ஓரமா கெடக்குது, பஸ் உறுமுது, நோட்டு பஸ்ஸுக்குள்ள. இன்னா பண்ணுவாரு? முப்பது வருஷ மறியல் பழக்கம். வண்டியைப் பாத்தா ஒடம்பு தானா முன்னாடி போய்ப் படுத்துக்குது. படுத்துட்டேன்.

ஆமா சார், நான்தான். நீங்க முழங்கால் கட்டைப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்கும். சொல்லாம இருந்தீங்க, பெரிய மனுசன்.

படுத்தா, அதுக்கப்புறம் நம்ம கையில இல்ல. கூட்டம் வந்துடுச்சி. "கோரிக்கை இன்னா தலைவரே"ன்னு ஒருத்தன் கேக்கறான். கோரிக்கை இல்லாம நான் ரோட்ல படுத்தது வாழ்க்கையில அன்னிக்குத்தான். வெவரம் தெரியாத எவனோ ஒருத்தன் வந்து பக்கத்துல படுத்துட்டான். எதுக்குன்னும் கேக்கல, துண்டைத் தலைக்கு வெச்சிகினு நல்லா வசதியா. "வெற்றி கெடைக்கிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க"ங்கறான் என்கிட்ட. போலீஸ்காரர் வந்தாரு. "எதுக்குய்யா படுத்துக்கினு கீற"ன்னாரு. தீப்பெட்டின்னேன். அவரு தன் பாக்கெட்லருந்து ஒண்ணு எடுத்து நீட்டறாரு. பாத்தேன், தாமரை. வேணாங்க, என்கிட்ட கீதுன்னேன். அப்பத்தான் அவருக்குக் கோவம் வந்துச்சி.

இருவத்திரெண்டு நிமிஷம் பஸ் நின்னுச்சி. கடைசில பெட்டியை எடுத்துட்டேன். எடுத்து நேராத் திருப்பினேன். இடப்பக்கம்தான் பாக்குது. தலைகீழா கெடந்துச்சி சார். அதான் அப்படித் தெரிஞ்சிருக்குது.

அஞ்சாவது விதியை இப்பப் படிங்க. சங்கக் காரியத்துக்காக ஓடுகிற பஸ்ஸை எந்த உறுப்பினரும் நிறுத்தலாகாது. என் கையெழுத்துதான். நான் வாதாடினேன். பஸ்ஸு ஓடல, நின்னுகினுதானே இருந்துச்சின்னேன். கல்யாணராமன் கண்ணாடியைத் தொடச்சிகினே சொல்றாரு, "நின்னுண்டுதான் இருந்தது, ஒத்துக்கறேன். நீர் படுத்துண்டதால நின்னுண்டே இருந்துதே, அதுக்கு என்ன சொல்றீர்?" ரோட்ல விழுந்து தேஞ்ச முழங்கால்ல ரத்தம் வழியுது, மனுசன் என்கிட்ட சட்டம் பேசறாரு. இவங்களுக்கு விதின்னா இன்னான்னு கத்துக் குடுத்ததே நானு. அன்னிக்கு எழுந்து முன் சீட்டுக்கு வந்தவன்தான். மூணு வாரம். தெனம் அதே பஸ்ஸு இல்ல, ஞாயித்துக்கெழமை மட்டும், அதே ஏழே காலு வண்டி, அவங்க பின்னால, நான் முன்னால. பின்னாடி ஜன்னலை மூடற சத்தம் கேக்கும். பாய் சிரிக்கிறது கேக்கும். எந்தப் படத்துக்குச் சிரிக்கிறாருன்னு தெரியாது.

நேத்து சங்கத்துலேருந்து கடுதாசி வந்துச்சி. பதினோராவது விதிப்படி, மீறின நாளையும் சேத்து நாலாவது ஞாயித்துக்கெழமை, அதாவது இன்னிக்கு, பஸ் குளத்தைத் தாண்டறதுக்குள்ள படிக்காத உறுப்பினர் பேரை நோட்டுலருந்து அடிச்சிடணும். பதினொண்ணும் நான் எழுதினதுதான். கடுதாசிக்கு அடியில மட்டும் டீச்சர் கையெழுத்துல ஒரு வரி. வாங்க சார், சீட்டு காலியாவே இருக்குன்னு.

மந்தைவெளி தாண்டிட்டான். இன்னும் ரெண்டே ஸ்டாப்பு.

அம்மா, நீங்க. கூடையில வாழைப்பூவா? ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் திரும்புங்க. ஒண்ணும் விக்கல, கட்சியும் இல்ல. உங்க பேரு? இசக்கியம்மாளா. எழுத வராதா? பரவால்ல, பேனா மையில கைநாட்டு வெச்சா போதும். இவரு ஒண்ணு, நீங்க ரெண்டு. கேட்டுட்டுச் சிரிச்சாலும் சரி. கை மட்டும் தட்டிடாதீங்க, ஒன்பதாவது விதி.

சார், இந்தக் கம்பியைக் கொஞ்சம் விடுங்க, புடிச்சிகினு எழுந்துக்கறேன். கால் இன்னும் மடங்க மாட்டேங்குது. கண்டக்டர், திட்றதுன்னா அப்புறம் திட்டுப்பா, நிறுத்தச் சொல்லல, ஓட்டச் சொல்லு. பின்னாடி கேக்குதா? கல்யாணராமன், உம்ம கண்ணாடியைப் போட்டுக்கும். டீச்சர், நீங்க பாக்க வேணாம், கேட்டா போதும்.

பயணிகளே. தீப்பெட்டிப் படச் சேகரிப்போர் சங்கத்தின் ஐந்தாம் விதியை மீறி, அடையாறு நிறுத்தத்தில் இருபத்திரண்டு நிமிடம் பேருந்தை நிறுத்தியவன், மந்தைவெளி கன்னியப்பன் மகன், ராஜரத்தினம்.